பூமாவை எதிரியாக்கியது ஆட்டுப்பட்டி

அர்ஜென்டினாவின் ரக்பி அணிக்கு 'லோஸ் பூமாஸ்' என்று பெயர். ஆனால் அந்தப் பெயர் வந்தபோது அவர்கள் சட்டையில் இருந்த சின்னம் பூமாவே கிடையாது, அது ஜாகுவார் என்ற வேறொரு பூனை இனம். 1965-ல் அந்த அணி தென்னாப்பிரிக்கப் பக்கம் விளையாடப் போனபோது, சின்னத்தில் இருந்தது என்ன மிருகம் என்று சரியாகத் தெரியாத ஒரு பத்திரிகையாளர் பூமா என்று எழுதிவிட, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பூமா சொந்தமாக வாழும் நாட்டின் தேசிய அணிக்கே இந்தக் கதி.

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரிய பூனை இன மிருகம் பூமா. பெயர்க் குழப்பம் அதற்குப் பழகிப்போன விஷயம்தான். பூமா, கூகர், மவுன்டன் லயன், கேட்டமவுன்ட், ஃப்ளோரிடாவில் பாந்தர், எல்லாம் ஒன்றே. ஆங்கிலத்தில் மட்டும் இதற்கு 40-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருப்பதாகக் கின்னஸ் புத்தகம் பதிந்திருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் தன் கணினி மென்பொருள் பதிப்புகளில் ஒன்றுக்குப் பூமா என்றும், பல வருடம் கழித்து இன்னொன்றுக்கு மவுன்டன் லயன் என்றும் பெயர் வைத்தது. ஒரே பூனையை இரண்டு தடவை விற்றுவிட்டார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கறுப்புப் பூமா என்று ஒன்று உறுதியாகப் பதிவானதே இல்லை. கருஞ்சிறுத்தை என்று நாம் சொல்வது நம் பக்கத்துச் சிறுத்தையும் அமெரிக்க ஜாகுவாரும் நிறம் மாறிப் பிறப்பது.

இந்த மிருகத்தைத் தெய்வமாக, திருடனாக, பூச்சி புழுவைப்போல ஒழிக்கப்பட வேண்டியதாக, கடைசியில் சினிமா நட்சத்திரமாக என்று மனிதர்கள் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அத்தனைக்கும் நடுவில் பூமாவின் நடத்தை பெரிதாக மாறவில்லை. மாறியது மனிதர்களின் கொட்டிலில் என்ன நின்றது என்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அதன் வரலாறு பெரும்பாலும் புரிந்துவிடும்.

முதலில் மிருகத்தைப் பார்ப்போம். 1771-ல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது ஒரே நிறத்து உடம்பு என்ற அர்த்தத்தில் 'கான்கலர்' என்றார். வளர்ந்த பூமா அப்படித்தான், மணல் நிறத்திலிருந்து செம்பழுப்பு வரை ஒரே சீரான மேனி. குட்டிகள் மட்டும் புள்ளிகளோடும் நீலக் கண்களோடும் பிறக்கும், சில மாதங்களில் இரண்டும் மங்கிவிடும். ஆண் 50 கிலோவிலிருந்து 100 கிலோ வரை வரும், பெண் அதில் முக்கால் பங்கு இருந்தால் அதிகம். அதாவது எடையில் நம் காட்டுச் சிறுத்தைக்குக் குறைச்சல் இல்லை. ஆனாலும் விலங்கியல் கணக்கில் இது சிங்கம், புலி, சிறுத்தை இருக்கும் கும்பலில் சேராது. வீட்டுப் பூனை இருக்கும் கிளையில்தான் இருக்கிறது. நெருங்கிய உறவு ஜாகுவாருண்டி என்ற சின்னப் பூனையும், ஆச்சரியமாக, ஆப்பிரிக்காவின் சிவிங்கிப்புலியும்தான். பூமாவால் சிங்கம்போல் கர்ஜிக்க முடியாது. அடுப்படிப் பூனை மாதிரி குர்குர் என்று ஓசை எழுப்பும், விசிலடிப்பதுபோல் கத்தும், இணை தேடும் காலத்தில் பெண் போடும் அலறலைக் கேட்டு யாரோ கொலையாகிறார்கள் என்று பயந்துபோனவர்கள் உண்டு.

பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளம், அதனால்தான் அந்தப் பாய்ச்சல். நின்ற இடத்திலிருந்து 5 மீட்டர் உயரம் வரை எகிறும் என்கிறார்கள். ஆனால் நெடுந்தூரம் துரத்தாது, பதுங்கி நெருங்கி, கடைசிச் சில மீட்டரில் பாய்ந்து கழுத்தைப் பிடிக்கும். முக்கியமான இரை மான். ஒரு மானை அடித்தால் ஒரே நாளில் தின்று தீர்க்காமல், இலை சருகு மண் போட்டு மூடிவைத்து, நாள்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து தின்னும். அந்த மிச்சத்தைத் தேடிக் கழுகிலிருந்து வண்டுவரை வந்து சேரும். யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் பூமா அடித்துப்போட்ட இரைகளின் மேல் மட்டும் 215 வகை வண்டுகளை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில் ராட்சசக் கழுகான கோண்டார் பூமா மிச்சம் வைப்பதை நம்பி வாழ்கிறது.

மேற்கு அரைக்கோளத்தில் இத்தனை பெரிய நிலப்பரப்பில் பரவியிருக்கும் காட்டுப் பாலூட்டி வேறு கிடையாது. கனடாவின் யூகானில் பனியில் ஆரம்பித்து, பாலைவனம், அமேசான் மழைக்காடு, ஆண்டிஸ் மலை எல்லாவற்றையும் தாண்டி சிலியின் தெற்கு முனை வரை போகிறது. இது எப்படி முடிந்தது என்றால், இங்கேதான் வாழ்வேன், இதைத்தான் தின்பேன் என்ற பிடிவாதம் இதற்கு இல்லை. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்குள்ளேயே லா பிரேயா என்று தார்க்குழிகள் இருக்கின்றன, பனியுகத்து மிருகங்கள் சிக்கிச் செத்த இடம். அங்கே கிடைத்த எலும்புகளில் வாள்பல் பூனையும் அமெரிக்கச் சிங்கமும் ஏராளம், பூமா கொஞ்சம். அந்த இரண்டும் பூண்டோடு போய்விட்டன, பூமா இன்னும் இருக்கிறது. பற்களின் தேய்மானத்தைப் பார்த்தவர்கள், இது சதையோடு நிற்காமல் எலும்பையும் கடித்துத் தின்றிருக்கிறது, அதனால்தான் பஞ்ச காலத்தில் தாக்குப்பிடித்தது என்கிறார்கள். மரபணு ஆய்வு வேறு ஒன்றையும் காட்டுகிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கப் பூமாக்களும் அநேகமாக அழிந்துபோய், தெற்கிலிருந்து வந்த ஒரு சிறு கூட்டத்தின் வாரிசுகள்தான் இன்று வடக்கில் இருக்கின்றன. முன்பு 30-க்கும் மேற்பட்ட துணையினங்களாகப் பிரித்து வைத்திருந்ததை, 2017-ல் வல்லுநர் குழு ஒன்று இரண்டாகச் சுருக்கிவிட்டது.

சரி, மனிதர்கள் பக்கம் வருவோம்.

தென் அமெரிக்காவின் இன்கா பேரரசின் தலைநகரான குஸ்கோ பூமாவின் வடிவத்தில் கட்டப்பட்டது என்று 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மேட்டில் உள்ள சாக்சாய்வாமன் கோட்டை தலை, இரண்டு ஆறுகள் கூடும் இடம் வால். அந்த இடத்துக்கு இன்றும் பூமாவின் வால் என்றுதான் பெயர். உண்மையிலேயே அப்படி வரைபடம் போட்டுக் கட்டினார்களா, இல்லை அரசையே பூமாவாகச் சொன்ன உருவகத்தை ஸ்பானியர்கள் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார்களா என்று ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படியாக இருக்கிறது, ஆனால் சுற்றுலா வழிகாட்டிகளிடம் போய்ச் சொல்லாதீர்கள். இன்காக்களுக்கு முந்தைய தீவனாக்கு நகரத்தில் (இன்றைய பொலிவியா), பூமாத் தலையோடு கையில் வெட்டிய மனிதத் தலையை ஏந்தி உட்கார்ந்திருக்கும் கற்சிலைகள் கிடைத்திருக்கின்றன. பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

அதே இன்காக்கள் பூமாவைக் கொன்றும் இருக்கிறார்கள். 'சாக்கு' என்ற அரச வேட்டையில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து மலையை வளைத்து, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். உள்ளே மாட்டிய விக்குன்யா என்ற ஒட்டகக் குடும்பத்துக் காட்டு மிருகங்களின் ரோமத்தைக் கத்தரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், பூமா நரி போன்றவற்றைக் கொன்றுவிடுவார்கள். காரணம் சுலபம், இன்காக்களிடம் அதே குடும்பத்து வளர்ப்பு மிருகமான லாமாவின் மந்தைகள் இருந்தன. நம்மூரில் புற்றுக்குப் பால் ஊற்றுகிற அதே ஆள், பாம்பு வீட்டுக்குள் வந்தால் கம்பைத் தேடுவது மாதிரிதான். இதில் முரண்பாடு எதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மந்தை இல்லாத இடத்தில் நிலைமை வேறாக இருந்தது. நியூ மெக்சிகோவின் ஸூனி மக்களுக்கு ஆறு திசைக்கும் ஆறு வேட்டை மிருகங்கள், அதில் வடதிசைக்கு உரிய பூமாதான் மற்ற எல்லாவற்றுக்கும் மூத்தது. கல்லில் செதுக்கிய சின்னப் பூமாவை வேட்டைக்குப் போகிறவர் கூடவே எடுத்துப்போவார். அதே மாநிலத்தில் பேண்டலியர் என்ற இடத்தில், பதுங்கி உட்கார்ந்த இரண்டு பூமாக்களை எரிமலைக் கல்லில் செதுக்கி வைத்த பழைய வழிபாட்டிடம் இருக்கிறது, கோச்சிட்டி உள்ளிட்ட பியூப்லோ மக்கள் இன்றும் அங்கே போகிறார்கள். ஸூனிகளோடு தங்கி இதையெல்லாம் எழுதிய ஃபிராங்க் ஹாமில்டன் கஷிங் என்பவர்தான், 1896-ல் நாட்டின் மறுகோடியில் ஃப்ளோரிடாவின் கீ மார்கோவில் சேற்றைத் தோண்டியபோது, ஒரு சாண் உயரம்கூட இல்லாத மரச்சிலை ஒன்றைக் கண்டெடுத்தார். பாதி மனிதன், பாதி பூனை, மண்டியிட்ட கோலம். சாதாரணமாக மரம் மட்கிப்போகும், காற்றுப் புகாத சேறு அதைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் அதே மிருகத்தோடு மோதியது தற்செயல்தான், ஆனாலும் பூமா எத்தனை பேர் மனதில் உட்கார்ந்திருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. இன்றைய செமினோல் மக்களிடமும் பாந்தர் பெயரில் ஒரு குலம் உண்டு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா கதை. அங்கிருந்த பழங்குடியினர் பூமாவைக் கொல்லமாட்டார்கள், கொன்றவன் செத்துப்போவான் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு வயிற்றுக் காரணமும் ஒன்று இருந்தது. வறண்ட பூமி, வேட்டை சுலபமில்லை, பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே வட்டமிடுகின்றன என்று பார்த்துப் போனால் பூமா மூடிவைத்த மான் கிடைக்கும். 1697-ல் வந்து மிஷன் அமைத்த இயேசு சபைப் பாதிரிகள் கூடவே மாடுகளையும் கொண்டுவந்தார்கள். பூமா மாடுகளை அடிக்க ஆரம்பித்தது. ஹுவான் தெ உகார்த்தே என்ற பாதிரி, நம்பிக்கை பொய் என்று காட்டுவதற்காகத் தானே ஒரு பூமாவைக் கொன்று ஊருக்குள் கொண்டுவந்து, பாருங்கள் நான் சாகவில்லை என்று நின்றாராம். ஒரு பூமாவைக் கொன்றால் ஒரு காளை என்று பரிசும் வைத்தார்கள். மிருகம் அதேதான், பசியும் அதேதான். நேற்றுவரை சோறு போட்டது, மாடு வந்த மறுநாள் திருடனாகிவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் இதே கதையின் பெரிய பதிப்பு. கிழக்கே குடியேறிய ஐரோப்பியர்கள் காட்டை வெட்டினார்கள், மானைத் தின்று தீர்த்தார்கள், பூமாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்கள். 1900 வாக்கில் அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தைத் தவிர வேறெங்கும் பூமா இல்லை என்ற நிலை. மேற்கே கலிஃபோர்னியா அரசு 1907 முதல் 1963 வரை பரிசுப் பணம் கொடுத்ததில் 12,000-க்கும் மேற்பட்ட பூமாக்கள் செத்தன. தியோடர் ரூஸ்வெல்ட், இயற்கைப் பாதுகாப்பின் தந்தை என்று பெயர் வாங்கிய அதே மனிதர், 1901-ல் கொலராடோவில் வேட்டைநாய்களோடு போய் ஒரே பயணத்தில் 12 பூமாக்களைக் கொன்றார். அந்தக் காலத்தில் பாதுகாப்பு என்றால் மானைக் காப்பாற்றுவது, மானைக் காப்பாற்றுவது என்றால் பூமாவைச் சுடுவது.

அப்படிக் காப்பாற்றிய லட்சணம் அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் தெரிந்தது. 1906-ல் அதை மான்களுக்கான சரணாலயமாக அறிவித்து, பூமாக்களை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். மான் பெருகியது, தழையெல்லாம் மொட்டையானது, 1920-களின் நடுவில் ஆயிரக்கணக்கான மான்கள் பட்டினியில் செத்தன. பாடப்புத்தகத்தில் இது ரொம்ப நேர்த்தியான கதை, ஆனால் அதே சமயத்தில் அங்கே மேய்ந்த ஆடு மாடுகளையும் குறைத்தார்கள், மான் பெருகியதற்கு அதுவும் காரணம் என்று பிற்பாடு வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள், அது நியாயம்தான். யூட்டாவின் ஸயான் பள்ளத்தாக்கில் விஷயம் இன்னும் தெளிவாக இருக்கிறது. சுற்றுலாக் கூட்டத்துக்குப் பயந்து பூமா ஒதுங்கிய பகுதியில் மான்கள் இளம் மரக்கன்றுகளைத் தின்றுவிட, காட்டன்வுட் மரங்கள் புதிதாக வளரவே இல்லை. கூட்டம் போகாத பக்கத்துப் பள்ளத்தாக்கில் பூமாவும் இருக்கிறது, மரமும் இருக்கிறது.

மனிதக் குரலுக்கே பயப்படும் மிருகம் இது. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைகளில், பூமா இரை தின்னும் இடத்தில் ஒலிபெருக்கி வைத்து, ஒருமுறை தவளைச் சத்தம், ஒருமுறை மனிதர்கள் பேசும் பதிவு என்று போட்டுப் பார்த்தார்கள். தவளைக்கு அநேகமாக அசையவில்லை. மனிதப் பேச்சைக் கேட்டதும் பெரும்பாலானவை ஓடிவிட்டன, திரும்பி வந்தாலும் தின்னும் நேரம் பாதியாகக் குறைந்தது. ஆக, நாம் சுடாமல் சும்மா பேசிக்கொண்டு நடந்தாலே அதன் சாப்பாட்டில் கை வைக்கிறோம்.

ஃப்ளோரிடாவில் மிஞ்சியவை 1990-களில் 20, 30 என்ற எண்ணிக்கைக்கு வந்துவிட்டன. ஒரே இரத்தத்துக்குள் இனம் பெருகிப் பெருகி, வால் நுனி மடங்கியும், இதயத்தில் ஓட்டையோடும், ஆண்களுக்கு விரை இறங்காமலும் பிறந்தன. 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் ஐந்து குட்டி போட்டன. இன்று அங்கே 120-லிருந்து 230 வரை வளர்ந்த பூமாக்கள் இருப்பதாக மதிப்பீடு. இனக் கலப்பு செய்து காப்பாற்றினால் அது அசல் ஃப்ளோரிடா பாந்தராகுமா என்று அப்போது கேட்டவர்கள் இருந்தார்கள். செத்துப்போன அசலை வைத்து என்ன செய்வது என்பதுதான் அதற்குப் பதில். இப்போது அவற்றைக் கொல்வதில் முதலிடம் வாகனங்களுக்கு.

அப்புறம் பி-22. பூமாக்களில் இத்தனை புகழ் வாங்கியது வேறு இல்லை. லாஸ் ஏஞ்சலீஸுக்கு மேற்கே சாண்டா மோனிகா மலையில் பிறந்த ஆண், சொந்த எல்லை தேடி 405, 101 என்ற இரண்டு மாபெரும் ஃப்ரீவேக்களைத் தாண்டி, நகரத்தின் நடுவில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்கு வந்துவிட்டது. 2012-ல் தானியங்கி கேமராவில் சிக்கியது. ஹாலிவுட் எழுத்துகளுக்கு முன்னால் அது நடந்துபோகும் இரவுப் படம் 2013-ல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்ததும் உலகம் முழுக்கத் தெரிந்துபோனது. ஆண் பூமாவுக்குச் சாதாரணமாக 350, 400 சதுர கிலோமீட்டர் வேண்டும், அந்தப் பூங்கா 20 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் பத்து வருடம் துணையில்லாமல் வாழ்ந்தது. எலி மருந்து தின்ற இரையால் உடம்பு சொறிபிடித்து, சிகிச்சை கொடுத்தார்கள். மிருகக்காட்சிச்சாலைக்குள் புகுந்து ஒரு கோவாலாவைக் கொன்றதாகவும் சந்தேகம். 2022 டிசம்பரில், வாகனம் மோதிய காயமும் முதுமை நோய்களும் சேர்ந்து, கருணைக்கொலை செய்யவேண்டி வந்தது. அதன் நினைவுக் கூட்டத்துக்கு ஓர் அரங்கமே நிறைந்தது. பிறகு பழங்குடியினரின் சடங்கோடு மலையில் புதைத்தார்கள். அதன் பெயரைச் சொல்லித்தான் அகோரா ஹில்ஸில் 101 ஃப்ரீவேயின் பத்துத் தடங்களுக்கு மேலே செடிகொடியோடு ஒரு விலங்குப் பாலம் கட்ட நன்கொடை குவிந்தது. 2022-ல் வேலை ஆரம்பித்தார்கள். பாலம் அலங்காரத்துக்கு இல்லை, அந்த மலையில் அடைபட்ட பூமாக்களில் 2020-லேயே மடங்கிய வால்கள் தென்பட ஆரம்பித்துவிட்டன, அதாவது ஃப்ளோரிடாவின் நோய்.

ஆனால் நகரத்து அன்பைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வந்துவிடக்கூடாது. 2016-ல் அதே மலைத்தொடரில் பி-45 என்ற பூமா மாலிபுவில் ஒரே இரவில் பத்து அல்பாக்காக்களைக் கொன்றது. அல்பாக்கா என்பது லாமாவின் தம்பி, குஸ்கோவின் பிரச்சினை மாலிபுவுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 1990-ல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் பூமா வேட்டையைத் தடைசெய்துவிட்டார்கள், ஆனாலும் கால்நடையை இழந்தவர் அனுமதி வாங்கிச் சுடலாம். உரிமையாளர் அனுமதி வாங்கினார். ஊரே திரண்டு எதிர்த்தது, மிரட்டல்கள் போயின, கடைசியில் அவர் பின்வாங்கினார். பி-45 தப்பித்தது. எனக்கு அந்த உரிமையாளர் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு, காலையில் எழுந்து பத்து உடல்களைப் பார்த்தவருக்கு அது நட்சத்திரமாகத் தெரியாது. ஆனால் கூரையில்லாத திறந்த பட்டி பூமாவுக்கு வேலியே இல்லை என்பதும் உண்மை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பகுதியில், முதலில் உயிரைக் கொல்லாத வழிகளை முயன்றுவிட்டுத்தான் சுடும் அனுமதி என்று விதியை மாற்றினார்கள்.

சிலியில் இந்தக் கணக்கு வேறு மாதிரித் திரும்பியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் படகோனியாவுக்குச் செம்மறி வந்தது, பூமா வேட்டைக்கென்றே ஆள் வைத்துக் கொன்றார்கள். 1980-ல் சட்டப் பாதுகாப்பு வந்தது. இப்போது தோரெஸ் தெல் பைனே தேசியப் பூங்காவை ஒட்டிய சில பண்ணைகளுக்கு, பூமாவைப் படம் எடுக்க வருகிறவர்களால் நல்ல வருமானம். அடுத்த வேலிக்காரருக்கு ஆடு போகிறது, வருமானம் வருவதில்லை, அவர் கோபம் குறையவில்லை. அட்லாண்டிக் பக்கம் அர்ஜென்டினாவின் மோன்தே லியோனில் ஆட்டுப்பண்ணை மூடித் தேசியப் பூங்காவானதும் பூமாக்கள் திரும்பி வந்தன. அவை இல்லாத காலத்தில் கரையில் பெருங்கூட்டமாகக் குடியேறியிருந்தவை பெங்குவின்கள். பூமா பெங்குவின் தின்னும் காட்சியை அங்கேதான் பார்க்கலாம். எதைத்தான் தின்னமாட்டேன் என்று அது சொன்னது?

கிழக்கிலும் மெதுவாகத் திரும்பி வருகிறது. கிழக்குப் பூமா அழிந்துவிட்டது என்று அமெரிக்க அரசு 2011 மார்ச்சில் அறிவித்தது. மூன்று மாதம்தான் ஆகியிருக்கும், ஜூனில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு ஆண் பூமா காரில் அடிபட்டுச் செத்தது. மரபணுவை வைத்துப் பின்னால் போனால், தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸிலிருந்து 2,400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. பெண்கள் இவ்வளவு தூரம் போவதில்லை, அதனால்தான் கிழக்கில் குடும்பம் உருவாக இத்தனை காலம் ஆகிறது. பூமா மறுபடி கிழக்கில் பரவினால், சாலையில் மான் மோதும் விபத்துகள் குறைந்து, 30 ஆண்டுகளில் 155 உயிர்களும் 21,400 காயங்களும் தவிர்க்கப்படும் என்று 2016-ல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. இது வெறும் மாதிரிக் கணக்குதான், ஆனால் மானால் செத்தவரை யாரும் மானின் பலி என்று சொல்வதில்லை என்பதை யோசிக்க வைக்கிறது.

பூமா மனிதரைக் கொல்லாதா என்றால், கொல்லும். வட அமெரிக்கா முழுக்க நூறு வருடத்துக்கும் மேலான கணக்கில் சாவுகள் ஏறத்தாழ 30. கலிஃபோர்னியாவில் 2004-க்குப் பிறகு ஒருவர்கூட இல்லாமல் இருந்து, 2024 மார்ச்சில் சகோதரர்கள் இருவர் தாக்கப்பட்டு ஒருவர் இறந்தார். சான் ஹோசே, கூப்பர்டினோ பக்கம் வேலைக்குப் போயிருக்கும் நம்மவர்கள் வார இறுதியில் நடக்கும் மலைப்பாதைகளிலும் எச்சரிக்கைப் பலகை இருக்கும். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், ஓடுவது எதுவாக இருந்தாலும் அதற்கு மான்தான். குனியாமல் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், கையை விரித்துப் பெரிதாகத் தெரியுங்கள், தமிழிலேயே சத்தமாகத் திட்டுங்கள், கண்ணை எடுக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் செத்ததுபோல் படுப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது, கல்லோ கம்போ பையோ கையில் கிடைத்ததை வைத்துத் திருப்பி அடிக்க வேண்டும். அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் தனியாக ஓடப்போவதைத் தவிர்த்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும், வீட்டில் ஆடு கோழி வைத்திருந்தால் இரவில் கூரையுள்ள கொட்டிலில் அடையுங்கள்.